நம் ஒட்டுப்பால் கையுறையாகிறதா? சுங்கக் கணக்கில் தெரியுமா?

தோட்டத்துப் பையன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் பால் மரம், அதாவது ரப்பர். ஒட்டுப்பாலை (கோப்பையிலேயே உறைந்த பாலை) வாரம் ஒருமுறை வியாபாரியிடம் போடுகிறோம். 2020-இல் கையுறை விலை எங்கோ போனது, நம் பாலுக்கு அந்த அளவு ஏறவில்லை. ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை வைத்து எந்தச் சரக்கு எதில் போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பழைய கிராணி:
தம்பி, கிள்ளான் துறைமுகத்தில் கே1, கே2 என்ற இறக்குமதி, ஏற்றுமதிப் பாரம் நிரப்பியே கண் போனவன் நான். சரக்குக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். 4001 இயற்கை ரப்பர். அதோடு நிற்காதே. 400110 திரவப் பால், 400122 தரம் பிரித்த கட்டி ரப்பர். உங்கள் ஒட்டுப்பால் எஸ்எம்ஆர் என்ற மலேசியத் தர ரப்பர்க் கட்டியாகி இரண்டாவதில் வரும். அதிகம் போவது சீனாவுக்கு, பெரும்பாலும் டயர் செய்ய. கையுறை 4015. கை வடிவ அச்சைப் பாலில் முக்கித்தானே எடுக்கிறார்கள், மங்கில் (பால் கோப்பையில்) உறைந்தது அதற்கு ஆகுமா? அம்மோனியா கலந்து, ரப்பர் 60 விழுக்காடு இருக்கும்படி கெட்டியாக்கிய பால் வேண்டும். அது பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. ஆக, 400110 இறக்குமதியையும் 4015 ஏற்றுமதியையும் ஐநாவின் வணிகக் கணக்குத் தளமான காம்டிரேட்டில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். வெள்ளியில் (பணமதிப்பில்) பார்க்காதே, கிலோவில் பார். விலை ஏறிய 2020, 2021 இரண்டு வருஷமும் வெள்ளிக் கணக்கு ஆளை ஏமாற்றும்.

நீலக் கையுறை:
ஐயா சொன்னது சரி, ஆனால் பாதிதான். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறேன். நீல நிறத்தில் வருவது பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர், மரத்துப் பாலே இல்லை. அதன் பால் 400251. அதை ஜொகூரிலும் செய்கிறார்கள். எல்லை தாண்டாத சரக்கு சுங்கக் கணக்கில் ஏறாது. இறக்குமதி குறைவு என்பதால் உபயோகமும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

பழைய கிராணி:
அட, ஆமாம். எது எதில் சேர்கிறது என்று குறியீடு சொல்லாது. அதைத் தொழில் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

தோட்டத்துப் பையன்:
அப்பாவிடம் சொன்னேன். "அப்ப வாளியிலேயே பாலாகக் கொடுத்துடலாமா?" என்கிறார்.

பழைய கிராணி:
உறைவதற்குள் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் பாலைச் சேகரிக்கும் பால் ஸ்டோர் இருந்த காலத்தில் சரி. இப்போது உங்கள் பக்கம் யார் வாங்குகிறார்கள்?