பிராண்டட் சிஸ்டமா, அசெம்பிளா? வேலூர்ப் பக்கம் பட்டவங்க சொல்லுங்க

முள்ளுக்கத்தரி, சத்துவாச்சாரி:

அக்கா பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். பரீட்சை முடிந்த மறுநாளே கேமிங் பிசி வேண்டுமாம். "மாமா, தொண்ணூறாயிரத்துக்கு ரெடிமேடா வருது, வந்ததும் பட்டன அமுக்கினா ஓடும், வாங்கிக் குடு" என்கிறான். அவன் அப்பாவோ, "பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் பண்ணா பத்தாயிரம் மிச்சமாகுமாமே" என்கிறார். ரெண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் நான். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் கதை.

2021. கொரோனா இரண்டாம் அலை அடங்கிய நேரம். கேமுக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு என்ற பொருளே கடைகளில் கண்ணில் படாது. அதை வைத்து டிஜிட்டல் காசு எடுக்கும் கிரிப்டோ மைனிங்காரர்கள் அள்ளியது போக மிச்சம்தான் நமக்கு, அதுவும் யானை விலை குதிரை விலை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைத் தனியாக வாங்கும் காசோடு இன்னும் ஐம்பதாயிரம் சேர்த்தால் அதே கார்டு உள்ள முழு சிஸ்டமே கிடைத்தது. கூட்டிக் கழித்துப் பார்த்து பிராண்டட் ஒன்றை வாங்கினேன். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. 2023 அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம். எங்களுடையது மேல் மாடி, தலைக்கு மேலே வெறும் தளம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டப் என்று ஒரு சத்தம், லேசாகக் கருகிய வாசனை. பவர் சப்ளை போய்விட்டது. வாரண்டி ஒரு வருஷம்தான், அதுவும் முடிந்திருந்தது.

சரி, நாலாயிரத்துக்கு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று கழற்றினேன். எல்லாப் பாகமும் மாட்டுகிற மதர்போர்டுக்குப் போகிற பிளக் வேறு மாதிரி இருந்தது. ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் 24 முள் பிளக் இல்லை. அந்தக் கம்பெனிக்கென்றே செய்த சின்ன பிளக். பெட்டிக்குள் பவர் சப்ளை உட்காரும் இடத்தின் அளவும் வேறு. ஆபிசர்ஸ் லைனில் ஏறி இறங்கின கடையிலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் கம்பெனியிடமே கேட்டு வரவழைத்தேன். 23 நாள், 9,800 ரூபாய்.

அன்றைக்குத்தான் உள்ளே முழுசாகப் பார்த்தேன். 16 ஜிபி ரேம் என்று விளம்பரத்தில் இருந்தது பொய்யில்லை. ஆனால் ஒரே குச்சி. இரண்டு எட்டாகப் போட்டிருந்தால் தகவல் ரெண்டு வழியிலும் ஓடும். ஒன்றரை வருஷமாக நான் காட்பாடி மேம்பாலத்தில் ஒரு பக்கம் அடைத்துவிட்ட மாதிரி ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

பையனுக்கு என்ன சொல்ல?

ரயிலடி, காட்பாடி:

நான் பாகம் வாங்கி என் கையாலயே பூட்டினவன். 2022 டிசம்பர். அந்த செப்டம்பர்ல எத்தீரியம்ன்ற கிரிப்டோ காசுக்கு மைனிங் நின்னதும் கார்டு விலை எறங்கிச்சு, அதுக்குத்தான் ஒரு வருஷமா கொக்கு மாதிரி காத்துகினு இருந்தேன்.

ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கார்டு, எட்டும் எட்டுமா 16 ஜிபி ரேம், 550 வாட் பவர் சப்ளை, 500 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட். மானிட்டர் ஏற்கெனவே இருந்துச்சு. எல்லாம் சேத்து 64 ஆயிரத்துச் சொச்சம்.

நமக்கு ஒரு வசதி, ரெண்டு பக்கமும் சந்தை. கிழக்கால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், மேற்கால பெங்களூரு எஸ்.பி. ரோடு. காட்பாடியில ஏறினா எதுக்கு வேணாலும் போயிடலாம். நான் சென்னைக்குப் போனேன். ஒரே கார்டுக்கு ஆறு கடையில ஆறு விலை. பில்லு வேணாம்னா ஒரு விலை, பில்லோட ஒரு விலை. பில்லு இல்லாம வாங்கிடாதீங்க. பின்னால ஒன்னு போச்சுன்னா பில்லும் அந்தப் பாகத்தோட சீரியல் நம்பரும்தான் நமக்கு சாட்சி.

சாயங்காலம் ரயில்ல கேபினட் பெட்டிய மடியில வெச்சுகினு வந்தேன். எதிர்ல ஒரு ஆயா, "இன்னாப்பா, கிரைண்டரா?"ன்னுச்சு. கம்ப்யூட்டர்னு சொன்னா, "டிவி எங்க?"ன்னு கேட்டுச்சு. அரக்கோணம் வரைக்கும் அதுக்கு வெளக்கினேன்.

பூட்டுறதுல பயமுறுத்துனது பிராசசர் ஒன்னுதான். இந்த ஏஎம்4 வகையில முள்ளெல்லாம் பிராசசர் அடியில இருக்கும், ஒன்னு வளைஞ்சாலும் வம்பு. மூலையில தங்கக் கலர்ல ஒரு முக்கோணம், போர்டுலயும் ஒரு முக்கோணம். ரெண்டையும் நேரா வெச்சா தானா எறங்கி உக்காந்துடும், அழுத்தவே கூடாது. மூச்சப் புடிச்சுகினு வெச்சேன். எங்க நைனா தையல் மெஷின் ரிப்பேர் பாக்குறவரு. அவரு டப்பாவுலேர்ந்து முனையில காந்தம் வெச்ச நீட்டு ஸ்க்ரூடிரைவர் ஒன்ன எடுத்துக் குடுத்தாரு. அது இல்லன்னா உள்ள விழுந்த ஸ்க்ரூவத் தேடியே பொழுது விடிஞ்சிருக்கும்.

ராத்திரி பதினொன்னரைக்குப் பட்டன அமுக்கினேன். ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, திரை கருப்பு. வயித்தக் கலக்கிடுச்சு. ரேமக் கழட்டி மாட்டினேன், கார்டக் கழட்டி மாட்டினேன், ஒவ்வொரு ஒயரா அமுக்கிப் பாத்தேன். அறுபத்தி நாலாயிரமும் பாலாத்துல போச்சுன்னு உக்காந்துட்டேன். ஒரு மணிக்கு நைனா தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்து, கண்ணாடியப் போட்டுகினு பின்பக்கம் எட்டிப் பாத்தாரு. "டேய், திரை ஒயர மேல சொருகிகிறியே, கீழயும் அதே மாதிரி ஓட்டை சும்மாதானே கீது?" அவ்ளோதான். கார்டுல சொருக வேண்டியத மதர்போர்டுல சொருகியிருந்தேன். 5600 பிராசசர்ல கிராபிக்ஸே கெடையாது, அந்த ஓட்டையில ஜென்மத்துக்கும் படம் வராது.

நடுவுல ஒரு தடவை எஸ்எஸ்டி போச்சு. அத மட்டும் கழட்டி கூரியர்ல அனுப்பிட்டு, மாத்து வர்ற வரைக்கும் பழைய ஹார்டு டிஸ்க்குல ஓட்டினேன்.

மக்கன்பேடா, ஆற்காடு:

நான் மூணாவது ரகம். பாகம் நான் சொன்னது, பூட்டினது கடைக்காரர், கூலி ஆயிரம் ரூபாய். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பூட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், டீ குடிக்கப் போன பத்து நிமிஷம் தவிர. வீட்டுக்கு வந்து திறந்தால், நான் கேட்ட பவர் சப்ளை இருக்க வேண்டிய இடத்தில் பெயரே கேள்விப்படாத ஒரு தகரப் பெட்டி. கையில் எடுத்தால் காலி பிஸ்கட் டப்பா மாதிரி கனமே இல்லை. பில்லைப் பார்த்தேன், "எஸ்எம்பிஎஸ் 500" என்று மட்டும் எழுதியிருந்தது (எஸ்எம்பிஎஸ் என்றால் பவர் சப்ளைதான்). திரும்பப் போய்ச் சண்டை போட்டதும், "எல்லாருக்கும் இதான் சார் போடுறோம், யாரும் ஒன்னும் சொல்லல" என்றபடியே மாற்றிக் கொடுத்தார். பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் பெயர் எழுத வையுங்கள். டீயை அங்கேயே வரவழைத்துக் குடியுங்கள்.

பட்டுத்தறி, ஆரணி:

எங்கள் வீட்டில் பகலில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடும் வேலை, ராத்திரி அதே சிஸ்டத்தில் தம்பி விளையாடுவான். ஆர்டர் நேரத்தில் ஒரு நாள் நின்றாலும் தறிக்காரரிடம் பதில் சொல்ல முடியாது. அதனால் பிராண்டட்தான் எடுத்தோம், கூடக் காசு கட்டி வீட்டுக்கே வந்து பார்க்கும் மூன்று வருஷ வாரண்டியோடு. ஒரு தடவை போர்டு போனது. போன் போட்ட மூன்றாம் நாள் வேலூரிலிருந்து ஆள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து மாற்றிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். முள்ளுக்கத்தரி அண்ணா, நீங்களும் அந்த வாரண்டியைப் போட்டிருந்தால் 23 நாளும் 9,800 ரூபாயும் மிச்சம்.

நாங்கள் ஏமாந்தது யுபிஎஸ்ஸில். 600 விஏ என்று வாங்கினோம். தம்பி விளையாடும்போது கரண்ட் போனால் கீ என்று கத்திவிட்டு அடுத்த நொடியே அணைந்துவிடும். யுபிஎஸ் கெட்டுவிட்டது என்று ரெண்டு தடவை பேட்டரி மாற்றினோம். பிறகுதான் பின்னால் இருந்த ஸ்டிக்கரைப் படித்தேன்: 360 வாட். விஏ வேறு, வாட் வேறு. டிசைன் போடும்போது தாங்கியது, கேம் ஓடும்போது கார்டு இழுக்கிற இழுப்புக்கு மானிட்டரையும் சேர்த்து அதற்கு மூச்சு இல்லை. இப்போது 1,100 விஏ, 660 வாட். பட்ஜெட்டில் இதை யாருமே எழுதுவதில்லை, நம் ஊர்க் கரண்டை வைத்துக்கொண்டு.

விடுதி அறை, காட்பாடி:

நான் லேப்டாப் ஆளு. ஹாஸ்டல் ரூமுல நாலு பேரு, ஆளுக்கு ஒரு மேசை, அதுவும் பாதி துணி. டெஸ்க்டாப்ப மண்டை மேலயா வைக்கிறது? பேரு ஒன்னா இருந்தாலும், டெஸ்க்டாப் கார்டவிட லேப்டாப்புல இருக்கற ஆர்டிஎக்ஸ் 4060 கொஞ்சம் சோப்ளாங்கிதான், கேம் போட்டா சத்தம் வேற. இருந்தாலும் லீவுக்கு முதுகுல மாட்டிகினு ஊருக்குப் போறேன்ல? அண்ணே, தம்பி எந்த ஊர் காலேஜுக்குப் போறான்னு தெரியறதுக்கு முன்னாடி எதையும் வாங்கிடாதீங்க.

தூசி ஊதுறவன், வேலூர்:

சர்வீஸ் பாக்குறேன், 18 வருஷம். எங்கிட்ட ரெண்டு ஜாதியும் வருது.

ரெடிமேடா வாங்கினது வந்தா நான் பாக்குறது ரேமோட வேகம். 3,200ன்னு போட்டிருப்பான், 2,400லயோ 2,666லயோ ஓடிகினு இருக்கும். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற பயாஸ் செட்டிங்ல எக்ஸ்எம்பின்னு ஒன்ன ஆன் பண்ணணும், யாரும் பண்ணி அனுப்பறதில்ல. சில பெட்டியில அந்த இடமே இருக்காது, கம்பெனிக்காரன் மறைச்சு வெச்சிருப்பான். அப்பறம் மானிட்டர். நொடிக்கு 144 தடவை படம் மாத்தற 144 ஹெர்ட்ஸ்னு காசு குடுத்து வாங்கிட்டு விண்டோஸ்ல 60லயே வெச்சுகினு வருஷக்கணக்கா ஆடுன புள்ளைங்க எத்தினி பேரு!

கையால பூட்டினது வந்தா வேற கூத்து. கூலர் அடியில பிளாஸ்டிக் தாள உரிக்காமயே மாட்டியிருப்பான், அஞ்சு நிமிஷத்துல சூடேறி அணையும். பிராசசருக்குத் தனியா ஒரு 8 முள் ஒயர் உண்டு, அது தொங்கிகினு இருக்கும். "போர்டு செத்துடுச்சுண்ணா"ன்னு அழுவான். ஒயரச் சொருகி உட்டுட்டு, காசு வாங்க மனசு வராம டீக்கு மட்டும் வாங்குவேன்.

ரெண்டுக்கும் பொதுவா வர்றது தூசி, எறும்பு, பவர் சப்ளைக்குள்ள செத்த பல்லி. ஒரு பெட்டிய அவுத்தா பல்லி ஃபேனோட ஃபேனா ஒட்டிகினு கெடந்துது. இன்னொன்னு, "சிபியுவத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுண்ணா"ன்னு வருவாங்க. பெட்டி நல்லாத்தான் கீது, வூட்டுல எர்த் இல்ல. லட்ச ரூபா சிஸ்டத்த ரெண்டு முள் பிளக்குல சொருகி வெச்சிருப்பாங்க. மொதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்புடுங்க, அப்பறம் ரிச்சி ஸ்ட்ரீட்டு.

விலை விஷயத்துல ஒன்னு. அசெம்பிள் பண்ணா பத்தாயிரம் மிச்சம்ன்றது பழைய கணக்கு. 2025 கடைசியிலேர்ந்து ரேம் விலை கண்ணு மண்ணு தெரியாம ஏறுது. ஏஐக்கு டேட்டா சென்டர் கட்டுறவங்க சிப்ப அள்ளிகினு போறாங்க. குரூஷியல்னு நாம வாங்கி மாட்டுவோமே, அந்த வியாபாரத்தையே உடறோம்னு மைக்ரான்காரன் 2025 டிசம்பர்ல சொல்லிட்டான். 2021ல கார்டுக்கு நடந்தது இப்ப ரேமுக்கு நடக்குது. பழைய ஸ்டாக் ரேமோட பூட்டின பெட்டி கெடச்சா அதுவே மலிவா முடியலாம். ஆனா உள்ள என்ன பவர் சப்ளைன்னு கேட்டுட்டு வாங்குங்க.

முள்ளுக்கத்தரி, சத்துவாச்சாரி:

பையனை உட்கார வைத்து எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். பிறகு அந்தத் தொண்ணூறாயிரம் பெட்டிக்காரருக்கே போன் போட்டோம். ரேம் எத்தனை குச்சி? பவர் சப்ளை ஊர் அளவா, கம்பெனி அளவா? "அதெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கும்" என்ற பதிலோடு வைத்துவிட்டார். பையன் முகம் சுருங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய பெட்டியை அவனையே திறக்கச் சொன்னேன், தூசி ஊதத்தான். ஊதிக்கொண்டே இருந்தவன், "மாமா, கார்டு சாதாரண கார்டுதானே? இந்த ரேமும் டிடிஆர்4தானே? இதைக் கழட்டிப் புதுசுல போட்டா என்ன?" என்றான். போர்டும் பவர் சப்ளையும் பெட்டியும்தான் அந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. கார்டும் ரேமும் டிடிஆர்4 ரேம் போடுகிற எந்த டெஸ்க்டாப் போர்டிலும் உட்காரும். 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது, அவன் விளையாடுவதற்கு இன்னும் சில வருஷம் தாங்கும். ரேம் விலை இறங்குகிற வரைக்கும் ஒற்றைக் குச்சியில் ஒரு பக்கப் பாலத்திலேயே போகட்டும். கணக்கு எழுத எனக்கு லேப்டாப் போதும்.

ஏஎம்4 பிராசசர், போர்டு, எஸ்எஸ்டி, ஒழுங்கான பவர் சப்ளை, காற்றோட்டம் உள்ள கேபினட். முப்பத்தைந்தாயிரத்துக்குள் முடியும் போலிருக்கிறது. மிச்சத்தில் யுபிஎஸ். விடுதி அறை சொன்னபடி, காலேஜ் முடிவாகும் வரை பைசா எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெளியூர் கிடைத்தால் அவனுக்கு லேப்டாப்.

எர்த் பார்க்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியாயிற்று. ரயிலடி, உங்கள் நைனாவின் காந்த ஸ்க்ரூடிரைவரை ஒரு நாளைக்குக் கடன் கொடுப்பாரா? அவரையும் கூட்டிக்கொண்டு வந்தால் மதியம் ஆம்பூர் பிரியாணி.

ரயிலடி, காட்பாடி:

கேட்டுட்டேன். அவரு வர்றாராம். ஸ்க்ரூடிரைவரத் தனியா குடுக்க மாட்டாராம்.