மௌன முகாமுக்குப் பொருநைச் சுருளை எடுத்துச் செல்வது சரியா?

பொருநைக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2021ஆம் ஆண்டு மாட்டுப்பொங்கல் அன்று தொடங்கி, பொருநை என்ற பழம்பெயர் கொண்ட தாமிரபரணி ஆற்றைப் பொதிகை மலையிலிருந்து புன்னைக்காயல் கழிமுகம் வரை ஒரே காகிதச் சுருளில் மையால் வரைந்து வருகிறேன். ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 35 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பருத்திக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். தொட்டு எழுதும் நிப்புப் பேனா, நீரில் கரையாத கறுப்பு மை, இவ்வளவுதான் கருவிகள். ஆனந்த விகடனின் பழைய இதழ்களில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பக் கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு தூணின் முன் அமர்ந்து அதன் கடைசி மணி வரை வரைந்து முடித்த பிறகே எழுந்திருக்கும் அந்தப் பொறுமை என் வேலையிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி என ஆறு அணைக்கட்டுகளைக் கடந்துவிட்டேன். மருதூரும் திருவைகுண்டமும் மீதமிருக்கின்றன. ஆனால் சுத்தமல்லிக்கு அடுத்து, குறுக்குத்துறை முருகன் கோயிலின் அருகில் ஓராண்டுக்கும் மேலாக வேலை நின்றுகிடக்கிறது. அலுவலகம் முடிந்து வீடு திரும்பினால் இரவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் கைப்பேசி நாலைந்து முறை ஒலித்துவிடும். அழைப்பு வந்த இடத்தையெல்லாம் சுருளில் என்னால் விரலால் தொட்டுக் காட்ட முடியும். அங்கெல்லாம் நீரோட்டத்துக்கு இழுத்த கோடுகள் நெருக்கமாகி, பிறகு திடீரென்று கலைந்திருக்கும்.

ஆகவே பத்து நாள் விடுப்பு எடுத்து ஒரு மௌன முகாமுக்குச் செல்லலாம் என்று நினைக்கிறேன். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள விபாசனா தியான மையம் ஒரு வாய்ப்பு. கொடைக்கானல் பெருமாள்மலையில் அருட்தந்தை அமா சாமி தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இன்னொன்று. இத்தகைய இடங்களுக்குச் சுருளையும் பேனாவையும் கொண்டுசெல்லலாமா, கொண்டுசெல்வது முறையா, இதில் பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

புள்ளிக்கோலம் எழுதியது:

விபாசனா மையத்தைப் பற்றி மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்று முறை பத்து நாள் முகாமில் இருந்திருக்கிறேன். அங்கே சுருளைக் கொண்டுசெல்ல முடியாது. கைப்பேசியோடு புத்தகம், குறிப்பேடு, பேனா எல்லாவற்றையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். இடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் அமர்வுதான். கட்டணம் இல்லாமல், முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடப்பதால், இடம் கிடைத்தவர் அந்த ஒழுங்கை முழுமையாக ஏற்றுக்கொள்வதே மரியாதை என்று நினைக்கிறேன். பையின் அடியில் சிறு பென்சிலை ஒளித்துக்கொண்டுபோக வேண்டாம். அந்தப் பென்சில் இருக்கிறது என்ற நினைப்பே பத்து நாளையும் தின்றுவிடும்.

விதி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது எனக்கு முதல் முகாமில்தான் புரிந்தது. என் ஆச்சி போட்ட கோலங்களை நினைவிலிருந்து மீட்டு ஏடாக வரைந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு முந்நூறைத் தாண்டியிருந்தது. முதல் மூன்று நாட்கள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் உடலின் உணர்வுகளைக் கவனிக்கும் பயிற்சி தொடங்குகிறது. ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல் அமரச் சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினைந்து புள்ளி வைத்து ஒரு சிக்குக்கோலத்தை மனத்துக்குள் சுற்றி முடித்தேன். மணி அடித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. முழங்கால் வலியே தெரியவில்லை. மதியம் ஆசிரியரைத் தனியே பார்க்கும் நேரத்தில் இதைப் பெருமையோடு சொன்னேன். வலி தெரியாமல் போனதற்காகவா வந்தீர்கள் என்ற பொருளில் அவர் மிக மென்மையாகக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கோலம் எனக்கு எவ்வளவு நல்ல ஒளிவிடமாக இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் சண்டை வந்தாலும் கோலம், துக்கம் வந்தாலும் கோலம்.

பத்தாம் நாள் காலையில் மௌனம் கலைகிறது, பதினொன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வந்தபின் ஒரு வாரம் ஏட்டைத் திறக்கவில்லை. பிறகு திறந்து வரைந்தபோது கோடு மெதுவாகப் போயிற்று. புள்ளியைச் சுற்றி வளையும் இடத்தில் முன்பெல்லாம் கை வெட்டி இழுக்கும், அது நின்றிருந்தது. சுருளை வீட்டில் விட்டுப் போங்கள் என்பதே என் கருத்து.

மலைமுகம் எழுதியது:

புள்ளிக்கோலம் அக்கா சொன்னது விபாசனாவுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் எல்லா மௌனமும் கையைக் கட்டிப்போடும் மௌனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நான் இருப்பது திருவண்ணாமலை. இங்கே மௌனம் என்றால் ரமணரை நினைக்காமல் இருக்க முடியாது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் மலைக்கு வந்து கேள்விகள் கேட்டபோது, பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டியே விடை சொன்னார். பேச்சு நின்ற இடத்தில் கை தன் வேலையைச் செய்தது. ஆகவே மௌனத்துக்கும் கோட்டுக்கும் பகை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஜென் முகாம்களில் தோட்டம் பெருக்குவதும் காய் நறுக்குவதும் பயிற்சியின் பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வேலையை அவர்கள் தருகிறார்கள், நாம் தேர்ந்தெடுப்பதில்லை என்பது மட்டும் ஒரு பெரிய வேறுபாடு.

என் கதையைச் சொல்கிறேன். அண்ணாமலையை ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு தாள் என்று ஓராண்டு வரைவது என் திட்டம். இடையில் வேலை பின்தங்கியதால், செங்கம் சாலைக்கு உள்ளே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தேன். நாளுக்கு மூன்று தாள் என்று சுவரில் எழுதி ஒட்டிவைத்தேன். முப்பத்தாறு தாள்களும் முடிந்தன. வீட்டுக்கு வந்து அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மலையின் தெற்குச் சரிவில் பாறை பிளந்து நிழல் விழும் இடம் ஒன்று உண்டு. காலை ஏழு மணிக்கு அது நீலமாகத் தெரியும், எட்டரைக்கு மறைந்துவிடும். முப்பத்தாறு தாளிலும் அந்த நிழல் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருந்தது. இரண்டாம் நாளுக்குப் பிறகு நான் மலையைப் பார்க்கவே இல்லை. வாய் மூடியிருந்தது, உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் ஒதுக்கிவைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அதே அறையில் அதே பன்னிரண்டு நாள். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரைவது, மீதி நேரம் பேனாவைத் தொடாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தேன். ஒன்பது தாள்கள்தான் வந்தன. அந்த ஒன்பதும் இன்றும் என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது, உரிமையோடு கேட்கிறேன். கைப்பேசி தொந்தரவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கைப்பேசியை வைத்துக்கொண்டுதானே ஆறு அணைக்கட்டுகளைக் கடந்தீர்கள்? குறுக்குத்துறையில் மட்டும் ஏன் ஓராண்டு நின்றது? நேரம் போதாமை ஒருவரைத் தாமதப்படுத்தும், இப்படி ஒரே இடத்தில் கட்டிப்போடாது. அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

நிப்புமுனை எழுதியது:

நான் மையும் காகிதமும் விற்கும் கடையில் பல ஆண்டு வேலை பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சில செய்திகள். பெருமாள்மலைக்கோ வேறு மலைக்கோ சுருளைக் கொண்டுபோகும் எண்ணம் இன்னும் இருந்தால், முதலில் ஈரத்தை நினையுங்கள். மூடுபனி அறைக்குள் வரும் ஊரில் பருத்திக் காகிதம் ஈரத்தைக் குடித்து லேசாக நீளும், சமவெளிக்கு வந்து உலர்ந்ததும் சுருங்கும். தனித்தாளில் அது தெரியாது. 13 மீட்டர்ச் சுருளில் ஒரு பகுதி மட்டும் அப்படி ஆனால் ஓரம் அலை அலையாக நெளிந்துவிடும். மையும் மெதுவாகக் காயும். காய்ந்துவிட்டது என்று நம்பிச் சுருட்டினால் மறுபக்கத்தில் ஆற்றின் நிழல் ஒட்டியிருக்கும். சுருளை எங்கே கொண்டுபோனாலும் ஒல்லியான குழாய்க்குள் திணிக்காமல், கைக்கு அடங்காத அளவு தடிமனான உருளையின் மேல் தளர்வாகச் சுற்றி, வெளியே துணி கட்டிக் கொண்டுபோங்கள்.

இன்னொரு செய்தி, யாரும் நினைத்துப் பார்க்காதது. நிப்புப் பேனாவுக்கு ஓசை உண்டு. வீட்டில் மின்விசிறிச் சத்தத்தில் அது கேட்காது. ஒருவரும் பேசாத கட்டடத்தில், சொரசொரப்பான காகிதத்தில் நிப்பு ஏறும்போது வரும் கீறல் அடுத்த அறை வரை போகும். ஒரு முகாமில் பக்கத்து அறைக்காரர் இரவு முழுவதும் இப்படி எழுதிக்கொண்டிருந்தார். எலி என்று நினைத்து நான் இரண்டு முறை எழுந்து விளக்குப் போட்டுத் தேடினேன். நம்முடைய மௌனம் பக்கத்தில் இருப்பவருடைய மௌனமும்தான். எந்த இடமானாலும், வரைய அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அனுமதித்தால் நிப்பையும் மைக்கூட்டையும் விட்டுவிட்டு, ஓசை எழுப்பாத, மெல்லிய முனையுள்ள நிறமிமைப் பேனா ஒன்றும் உள்ளங்கை அளவுக் குறிப்பேடும் போதும். கவிழ்ந்த மைக்கூட்டை அடுத்தவர் வீட்டுத் தரையிலிருந்து எடுக்கும் துன்பத்தை நான் பட்டிருக்கிறேன்.

பொருநைக்கோடு எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மலைமுகம் ஐயாவின் கேள்வியை மூன்று நாட்களாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் கேட்டது சரிதான், இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்துக்கு முன்பே குறுக்குத்துறைப் பகுதிக்கான முன்வரைவுகளை எடுத்து முடித்திருந்தேன். அந்தக் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்பது. வெள்ளத்தைப் பிளந்து விடுவதற்காக மதிலைப் படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெள்ளம் வடிந்தபின் நான் போய்ப் பார்த்தேன். என் முன்வரைவில் நான் நாற்பது நிமிடம் செலவிட்டு வரைந்த மருதமரம் ஒன்று கரையில் இல்லை. வேர் இருந்த இடத்தில் மணல். எந்த ஆற்றை வரைவது என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை. முந்தையதை வரைந்தால் பொய்யாகத் தோன்றியது. புதியதை வரைந்தால், அதற்கு மேலே ஏற்கெனவே வரைந்து முடித்த ஆறு அணைக்கட்டுகளும் வேறு ஓர் ஆற்றைச் சேர்ந்தவை ஆகிவிடும். இதை முடிவு செய்ய மனமில்லாமல் கைப்பேசியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுருள் என் தம்பி வீட்டுப் பரணில் இருக்கட்டும். திருமுடிவாக்கத்துக்கு வெறுங்கையோடு விண்ணப்பித்திருக்கிறேன். நடுவில் மருதமரம் வந்தால், வந்தது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்பப் பார்க்கிறேன். திரும்பி வந்ததும் மூன்று நாள் காலையில் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து, மலைமுகம் ஐயா சொன்னபடி நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும், குறிப்பேட்டில் வரைவதாக இருக்கிறேன்.

புள்ளிக்கோலம் எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. மருதமரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். கோலத்தில் ஒரு புள்ளி அழிந்துபோனால் ஆச்சி அதை மறுபடி வைக்கமாட்டாள். புள்ளி இருந்த வெற்றிடத்தைச் சுற்றியே இழையைக் கொண்டுபோவாள். பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு புள்ளி இருந்தது என்பது தெரியும்.

பொருநைக்கோடு எழுதியது:

அக்கா, இன்று மாலை குறுக்குத்துறைக்குப் போய்வந்தேன். வேர் இருந்த இடத்தைச் சுற்றி நான்கடி மணலைக் காலால் அளந்தேன். சுருளின் கணக்குப்படி அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனாலும் அந்த இடத்தில் காகிதத்தை வெள்ளையாக விடுவது என்று வைத்திருக்கிறேன்.