ஒரு கோப்புறைக்காக முழுக் களஞ்சியத்தையும் இறக்க வேண்டுமா?

கோப்புதேடி:
நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பெரிய களஞ்சியம் ஒன்று. அதில் எனக்கு வேண்டியது ஒரே கோப்புறை, 12 கோப்புகள். முன்பு எஸ்விஎன் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் எக்ஸ்போர்ட் என்று ஒரு வரி அடித்தால் கோப்புறை மட்டும் வந்துவிடும். 2024 ஜனவரியில் கிட்ஹப் அந்த வசதியை நிறுத்திவிட்டது. இப்போது கர்ல் என்ற இறக்கும் கருவியை வைத்து ஒவ்வொன்றாக இறக்க ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். இது போதும்தானே?

கிளைவாசி:
போதாது. கோப்பை மட்டும் பிய்த்து எடுத்தால் அது எந்த கமிட்டிலிருந்து (பதிவுசெய்த நிலையிலிருந்து) வந்தது என்று பிறகு தெரியாது. கிட் மென்பொருளின் 2.25 பதிப்பு முதல், வேண்டிய கோப்புறையை மட்டும் எடுக்கும் ஸ்பார்ஸ்-செக்அவுட் கட்டளை இருக்கிறது. குளோன் செய்யும்போதே (களஞ்சியத்தை நகலெடுக்கும்போதே) ஸ்பார்ஸ் என்றும், ஃபில்டரில் பிளாப்-நன் (கோப்புகளின் உள்ளடக்கம் முன்கூட்டியே வேண்டாம்) என்றும் கொடுங்கள். அப்புறம் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட் என்று கோப்புறையின் பெயரைச் சொன்னால் அதன் உள்ளடக்கம் இறங்கும். பின்னாளில் புதுப்பிக்க கிட் புல் போதும்.

ஒற்றைவரி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். பிளாப்-நன் கொடுத்தாலும் எல்லா கமிட்டுகளும் ட்ரீக்களும் (கோப்புறைப் பட்டியல்களும்) வந்தே தீரும். பல ஆண்டு வரலாறுள்ள களஞ்சியத்தில் அதுவே பெரும் சுமை. கடைசி கமிட்டை மட்டும் எடுக்கும் டெப்த் 1 சேர்த்தால்தான் குறையும். எந்த கமிட் என்ற கவலைக்கும் வழி உண்டு: முகவரியில் கிளையின் பெயருக்குப் பதில் கமிட் ஹேஷ் (அந்த கமிட்டின் அடையாளக் குறி) போடுங்கள், கோப்பு மாறவே மாறாது.

கிளைவாசி:
ஹேஷ், டெப்த் இரண்டும் சரி. ஆனால் கர்ல் சத்தமில்லாமல் தவறு செய்யும். கோப்பு இடம் மாறியிருந்தால், "404: நாட் ஃபவுண்ட்" என்ற வரியையே கோப்பாகச் சேமித்துவிட்டு வெற்றி என்று திரும்பும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுதும் போனது. எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்புகளுக்கான தனிச் சேமிப்பில்) இருக்கும் படத்தை, கோப்பை நேரடியாகத் தரும் ரா முகவரியில் கேட்டால் படம் வராது, அதைச் சுட்டும் சில வரி உரைதான் வரும். இயக்க அனுமதியும் தொலையும். நாளை அந்தக் கோப்புறையில் 13-வது கோப்பு வந்தால் உங்கள் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? நிரல்கள் தகவல் கேட்கும் கிட்ஹப் ஏபிஐயிடம் கேட்கலாம் என்றால், டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைதான்.

ஒற்றைவரி:
404-க்கு ஹைஃபன் எஃப் என்ற ஒரு எழுத்து போதும், கர்ல் பிழையோடு நின்றுவிடும். 13-வது கோப்புக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கோப்புறை என்றால் உங்கள் வழி. ஒற்றைக் கோப்புக்கு கர்ல்தான், அதில் மாற மாட்டேன்.

கோப்புதேடி:
டெப்த் 1, ஃபில்டர், ஸ்பார்ஸ் மூன்றும் சேர்த்துச் செய்தேன், வந்துவிட்டது. ஆனால் மேல்மட்டத்திலிருக்கும் ரீட்மீ போன்றவையும் வந்திருக்கின்றனவே?

கிளைவாசி:
கோப்புறை கோப்புறையாகத் தேர்ந்தெடுக்கும் இயல்பான கோன் முறையில் அவை எப்போதும் வரும். அழிக்காதீர்கள், உரிமக் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.