நாய் உலர் திராட்சை தின்றுவிட்டது: உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி:
நாட்டு நாய், 3 வயசு, 9 கிலோ. பாயசத்துக்கு வாங்கி வைத்த 100 கிராம் உலர் திராட்சைப் பாக்கெட்டில் பாதியைக் காலி பண்ணிவிட்டான். முக்கால் மணி நேரம் ஆகிறது. வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். உப்புத் தண்ணீர் கொடுத்தால் வாந்தி வரும் என்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை காலை வரை பார்க்கலாமா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும். திராட்சையை முந்திக்கொண்டு உப்பே ஆளைச் சாய்த்துவிடும். பால், எண்ணெய், தொண்டையில் விரல் விடுவது எல்லாமே வீண் வேலை.

50 கிராம் என்றால் இவன் எடைக்குக் கிலோவுக்கு ஐந்தரை கிராம். கிலோவுக்கு 3 கிராம் அளவிலேயே சிறுநீரகம் கெட்ட நாய்கள் உண்டு. இப்போதே டாக்டருக்குப் போன் போட்டு எடை, அளவு, நேரம் மூன்றையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாக்கெட்டும் கையில் இருக்கட்டும். அங்கே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். திராட்சை வயிற்றில் ஊறி நெடுநேரம் கிடக்கும், அதனால் இன்னும் நேரம் இருக்கிறது.

போய்ச்சேர நேரமாகும் என்றால் டாக்டரே ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்லலாம். அவர் சொன்னால் மட்டும். கணக்கு 3 சதவீதக் கரைசலுக்கு: கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி. நம்மூர் மெடிக்கலில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம், லேபிளில் 20 வால்யூம் என்றிருக்கும். சம அளவு தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இரைப்பை புண்ணாகிவிடும்.

பதில் 2:
'எங்க நாய் கொத்துக் கொத்தாத் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல' என்று யாராவது வந்து சொல்வார்கள், நம்பாதீர்கள். திராட்சை நாய்க்கு விஷமாவதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று 2021-லிருந்து கால்நடை நச்சியல் மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். ரகத்துக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அதன் அளவு மாறும், அதனால் இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. புளியிலும் இதே அமிலம்தான், அதுவும் ஏராளமாக. மிஞ்சிய புளியோதரையை நாய்க்கு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஊசி போட்டாங்க, நிறையவே வந்துடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?

பதில் 1:
நல்லது. ஆனால் எவ்வளவு உள்ளே போய்ச் சேர்ந்தது என்று தெரியாதே. பொதுவாக 48 மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றுவார்கள், டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் (கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ்) இன்றைக்கு ஒருமுறை, பிறகு 24, 48, 72 மணி நேரத்தில். இன்றைய ரிப்போர்ட் நார்மல் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரகத்தில் பெரும்பகுதி அடிவாங்கிய பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். அடுத்த மூன்று நாள் சிறுநீரைக் கவனியுங்கள். டிரிப்ஸ் ஏறியும் சிறுநீர் குறைந்தாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பினாலோ ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும்.