பாலுண்ணி மாதிரி முத்து முத்தா வருதே, உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருக்கா?

தக்கலை அம்மா:
மகளுக்கு கக்கத்துலயும் விலாவுலயும் வந்துச்சு. வேர்க்குருன்னு பவுடர் போட்டுட்டு இருந்தோம். வெளிச்சத்துல உத்துப் பாத்தா ஒவ்வொண்ணும் பளபளன்னு, நடுவுல ஊசி குத்துன மாதிரி குழி. தோல் டாக்டர் பாத்த உடனே மொலஸ்கம்னு சொல்லிட்டாங்க. பெரியம்மை வைரஸ் குடும்பமாம். அதைக் கேட்டதும் மாமியாருக்கு கை கால் ஓடல! மேல்தோலைத் தாண்டிப் போகாது, பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்குனாங்க.

திற்பரப்பு அருவியில குளிச்சதாலதான்னு ஊரே சொல்லுச்சு. தொத்தி வெளிய தெரியவே 2 முதல் 7 வாரம் ஆகும், சிலருக்கு 6 மாசம் கூட. எங்க இருந்து வந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்? எனக்கு வீட்டுத் துவர்த்து (துண்டு) மேலதான் சந்தேகம், எல்லாருக்கும் ஒண்ணுதானே. இப்போ ஆளுக்கு ஒண்ணு. சொறிஞ்சா, சொறிஞ்ச கோட்டுலயே வரிசையா புதுசு வருது, அதனால நகத்த ஒட்ட வெட்டிவிடணும்.

சுரண்டி எடுக்கலாம், திரவ நைட்ரஜன் வச்சு உறைய வைக்கலாம், சின்னப் பிள்ளைக்கு வலிக்கும், விட்டா தானாவே போகும்னாங்க. பெரும்பாலும் 6 முதல் 12 மாசம், சிலருக்கு அதுக்கும் மேல. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம், துணியால மறைஞ்சிருந்தா போதும்.

குளச்சல்காரன்:
அக்கா, சுண்ணாம்பு மட்டும் வைக்க விட்டுராதீங்க. பக்கத்து வீட்டுப் பையனுக்கு தாடையில வச்சாங்க. முத்து போச்சு, வெந்த தழும்பு போகல.

நாகர்கோவில் மைனி:
கரப்பான் (எக்ஸிமாங்கிற தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளைக்கு இது ரொம்பப் பரவும். என் கொழுந்தன் மகனுக்கு இமை ஓரத்துல வந்து கண்ணு சிவந்துச்சு. கண் பக்கம் வந்தா வீட்டுல வச்சுப் பாக்காம டாக்டர்ட்ட காட்டுங்க. பெரியவங்களுக்கு மறைவிடத்துல வந்தாலும் வெக்கப்படாம காட்டணும்.

தக்கலை அம்மா:
சரிதான் மைனி. மாமியார் நாகராஜா கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்திருக்காங்க, நான் தடுக்கல. தானா போற நோய்க்கு கடைசியா எதைச் செஞ்சோமோ அதுக்குத்தான் பேரு கிடைக்கும், உப்பு மிளகுக்குக் கிடைச்சிட்டுப் போகட்டும், பிள்ளைத் தோலு வேகாதே.

இன்னொண்ணு: போறதுக்கு முன்னாடி சிலது சிவந்து வீங்கும். உடம்பு வைரஸை எதிர்க்குதுன்னு அர்த்தம். சீழ்னு நெனச்சு பிதுக்காதீங்க. காய்ச்சலோ தாங்காத வலியோ வந்தா மட்டும் உடனே போயிருங்க.