மறு: ‘துணைக்கருத்து’ – வேறு சொல் உண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தியின் மையக்கருத்துக்கு ஆதரவாக வரும் விவரங்களை (ஆங்கிலத்தில் supporting details) ‘துணைக்கருத்து’ என்கிறோமே, அதற்கு வேறு சொல் உண்டா என்று இழையைத் தொடங்கிவிட்டு நான்கு நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். தேர்வு நேரம், வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதே பெரும்பாடு.

> மையக்கருத்து, துணைக்கருத்து இரண்டும் ஜோடியாக, அழகாகத்தானே இருக்கின்றன? என்ன குறை கண்டீர்கள்?

அந்த ஜோடிப் பொருத்தம்தான் ஐயா குறையே. போன சனிக்கிழமை உட்லண்ட்ஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பையன், தொடக்கநிலை 5. கருத்தறிதல் பயிற்சிக்காக, சிங்கப்பூரின் தண்ணீரைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஜோகூரிலிருந்து நீர் எடுக்கும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் 2003இல் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2005இல் துவாஸில் திறக்கப்பட்டது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது, அதன் புல்வெளிக் கூரையில் மக்கள் பட்டம் விடுகிறார்கள். கடைசி வரி: ‘ஆக, இந்த நாடு தண்ணீருக்கு ஒரே இடத்தை நம்பி இருக்கவில்லை.’

மையக்கருத்தைப் பிடித்துவிட்டான். “சரி, துணைக்கருத்து இரண்டு எழுது” என்றேன். ‘தண்ணீரை வீணாக்கக் கூடாது’, ‘தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது’ என்று எழுதி நீட்டினான். பத்தியில் இரண்டுமே இல்லை. ஆனால் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கருத்து கேட்டேன், கருத்து சொன்னான். 1962இல் போட்ட ஒப்பந்தம் ஒரு கருத்தா என்ன? அது நடந்த செய்தி. அதற்கும் ‘கருத்து’ என்று பெயர் வைத்தது நாம்தானே.

‘துணை’யும் அவனுக்கு உதவவில்லை. பள்ளியில் துணை முதல்வரைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குத் துணை என்றால் இரண்டாம் இடம். வழித்துணை, பேச்சுத்துணை எல்லாம் நம் காதில் ஒலிக்கிற அளவுக்கு அவன் காதில் ஒலிப்பதில்லை.

> கதைகளுக்குச் சொல்வதுபோல் ‘கருப்பொருள்’ என்று வைத்துவிட்டு, மற்றதை ‘விவரம்’ என்றால் போதாதா?

ஈப்போ அக்கா சொன்னதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை முதலியவைதான். பாட்டு சொல்ல வந்த பிரிவும் ஊடலும் உரிப்பொருள். அதாவது, சங்கப் பாட்டில் கருப்பொருள்தான் நாம் இப்போது பெயர் தேடிக்கொண்டிருக்கும் சரக்கு! அதையே மையத்துக்குச் சூட்டினால் தலைகீழாகிவிடும். கதைக்குப் பழகிவிட்டது, இருக்கட்டும். பத்திக்கு வேண்டாம்.

வெறும் ‘விவரம்’ ஏன் போதாது என்பதற்கு அந்தப் பட்டமே சாட்சி. பையன் மஞ்சள் ஹைலைட்டரால் முதலில் கோடு போட்டது பட்டம் விடும் வரியில்தான். அதுவும் விவரம், உண்மையான விவரம். ஆனால் அதை அடித்துவிட்டால் பத்திக்கு ஒன்றும் ஆகாது. புதுநீரை அடித்தால் கடைசி வரி கொஞ்சம் ஆட்டம் காணும். அங்கேதான் எனக்குச் சொல் கிடைத்தது. “கடைசி வரியை எது தாங்குது?” என்று கேட்டேன். ஒவ்வொரு வரியாக விரலால் மறைத்துப் பார்த்தவன், பட்டத்தில் வந்து நின்று, “இது சும்மா, டீச்சர்” என்றான்.

எனவே என் பரிந்துரை: தாங்கு விவரம். ‘ஊன்று விவர’மும் யோசித்தேன், ‘ஊன்றிப் படி’ என்று தினமும் சொல்கிறோம், குழம்பும். ‘முட்டு’ வேண்டவே வேண்டாம், முட்டுக்கொடுப்பதற்கு இணையத்தில் இன்று என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ‘சான்று’ நல்ல சொல்தான், ஆனால் காரணமும் வருணனையும் அதற்குள் அடங்கா. மையக்கருத்து அப்படியே இருக்கட்டும்.

‘தாங்கு’வில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது இடம் பார்ப்பதில்லை. ஆங்கிலப் பாடத்தில் முதல் வரியைப் பிடி என்று பழக்கிவிடுகிறார்கள், பிள்ளைகள் தமிழிலும் அதையே செய்கிறார்கள். முதல் குறளையே எடுங்கள். ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்பது தாங்குவது. ‘ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பது தாங்கப்படுவது. எடுத்துக்காட்டு உவமை என்று அணி இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. மேலே உள்ள என் பத்தியும் அப்படித்தான், கடைசி வரியில்தான் விஷயம்.

> தேர்வுத்தாளில் ஒரு சொல், வகுப்பில் வேறு சொல் என்றால் பிள்ளைகள் பாடு?

ஒப்புக்கொள்கிறேன். தாளில் உள்ளதை நாம் மாற்ற முடியாது. பார்க்கப்போனால், இடம் நிரப்பும் பத்திக்கு ‘முன்னுணர்வுக் கருத்தறிதல்’ என்று அழகான பெயர் இங்கே உண்டு. என்னிடம் வரும் பிள்ளைகள் வாயில் இன்னும் ஆங்கில ‘க்ளோஸ்’தான். வீவக, மசேநி (மத்திய சேம நிதி) எல்லாம் சரளமாக வருகின்றன, சின்னதாக இருப்பதால். அதனால் வகுப்பில் வினையாகவே புழங்கிப் பார்க்கிறேன், ‘எது தாங்குது?’ என்று. பெயர்ச்சொல் பிறகு தானாக ஒட்டினால் ஒட்டட்டும்.

கோவை ஐயா, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: வினைத்தொகை ஆயிற்றே, ‘தாங்குவிவரம்’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தே விடலாமா? சேர்த்தால் பிள்ளைகள் ‘தாங்குவி – வரம்’ என்று படித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அன்புடன்,
சிங்கையிலிருந்து