கிணற்றில் எண்ணெய் மணம்: அடிப்படை உரிமை மனு போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

அண்ணைமார், அக்காமார், ஒரு உதவி வேணும். எங்கள் ஒழுங்கை முடிவில் வாகனம் கழுவும் இடமொன்று இருக்கிறது, அங்கே கழிவு எண்ணெயைப் பின்வளவில் உள்ள குழியில்தான் விடுகிறார்கள். இரண்டு மாதமாகக் கிணற்றில் அள்ளும் வாளியின் விளிம்பில் வானவில் நிறத்தில் ஒரு படலம் ஒட்டுகிறது, அம்மம்மா தேத்தண்ணியை வாயில் வைத்ததும் "மண்ணெண்ணெய் மணக்குது" என்று கீழே வைத்துவிடுகிறார். ஆறில்லாத ஊர், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், இங்கே ஊற்றியது நாளைக்கு எந்தக் கிணற்றில் எழும்பும் என்று யாருக்குத் தெரியும்?

அதிகாரிகளிடம் முறையிட்டோம், "பார்க்கிறம்" என்றார்கள். சரி.

2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை சுத்தமான, ஆரோக்கியமான சூழலை மனித உரிமையாக 161 நாடுகளின் வாக்குகளோடு ஏற்றது, ஆனால் அந்தத் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டாது, அதைக் காட்டினால் இங்கே சிரிப்பார்கள். எனக்கு நம்பிக்கை தருவது யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புத்தான், அதுவும் அடிப்படை உரிமை மனு, அதாவது அரச தரப்பு உரிமையை மீறியது என்று நேரே அந்த நீதிமன்றத்தில் போடும் மனு.

என் சிக்கல், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. மீறல் இன்னும் தொடர்கிறது என்று வாதிடலாமா? மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்கிறார்கள், ஆனால் அதையும் ஒரு மாதத்துக்குள் செய்திருக்க வேணுமாமே? நீதிமன்றம் ஏற்கும் நீர்ப் பரிசோதனையை எங்கே செய்யலாம், மாதிரியை நானே போத்தலில் எடுத்துப் போகலாமா? தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கோ.